பின்பாட்டுக்காரர்கள்: தெருமுனைப் பாட்டுக்குழுக்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் மறுதேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்திருந்தது. 126 இடங்கள் கொண்ட சபையில் கட்சியின் கையிலிருந்தவை 60. சுயேச்சைகள் ஐந்து பேரின் தயவில் நின்றுகொண்டிருந்த அரசு அது. தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டதால் மறுபடியும் மக்களிடம் போக வேண்டியதாயிற்று. ஒரு இடம் போனாலும் மானம் போய்விடும் என்கிற நிலை. தொகுதியோ தேயிலைத் தோட்டங்களால் ஆனது. கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு அவர்களின் தலைக்கு மேலாகப் போய்விட்டிருந்தது. அரசு மலையாளத்தில் பேசியது, இவர்கள் தமிழில் பட்டினி கிடந்தார்கள்.

இந்த இடைவெளியை மேடைப்பேச்சால் நிரப்ப முடியாது என்பது கட்சிக்குத் தெரிந்திருந்தது. மலைக்குக் கீழே அன்றைய மதுரை மாவட்டத்தில் (இன்று தேனி) இருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியப் பெட்டியோடு ஒருவர் மலையேறினார். பாவலர் வரதராஜன். ரோசம்மா புன்னூஸ் மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு உள்ள பங்கை இ.எம்.எஸ். வெளிப்படையாகப் பாராட்டினார் என்று கட்சி வட்டாரங்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்பதில் ஆளுக்கொரு பாடம் உண்டு. வாய்மொழி மரபில் அப்படித்தான் இருக்கும். அதைவிட முக்கியமானது, ஒரு அரசின் தலைவிதியும் ஒரு பாட்டுக்காரரின் தொண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பது. இப்படி எத்தனை பாட்டுக்காரர்களைப் பற்றி நம்மால் சொல்ல முடியும்?

ஆனால் தமிழில் பாவலர் சகோதரர்கள் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துப் பாருங்க. தொண்ணூறு சதம் ஒரே வாக்கியத்தில்தான் முடிகிறது: 'இப்படியாக இளையராஜா என்னும் மேதை உருவானார்.' வரதராஜன், பாஸ்கர், ராஜையா, அமர்சிங் என்கிற நான்கு பேரும் ஊர் ஊராக மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் போய்ப் பாடிய ஏறத்தாழ பத்து வருட வரலாறு, ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதைக்கான முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. பண்ணைப்புரத்தில் தொடங்கி 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனி வரைக்கும் நேர்கோடாக ஒரு பெருங்கதையாடல். இளையராஜாவின் இசை குறித்து எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. என் கேள்வி வேறு. ஒரு குழுவின் வரலாற்றை ஒரு தனிமனிதனின் வரலாறாக மாற்றுகிற இந்த எந்திரம் எப்படி இயங்குகிறது? அதில் எதெல்லாம் காணாமல் போகிறது?

2

இந்த எந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வசதியான ஒரு இடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. பாவலர் மலையேறிய அதே ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் கறுப்பின விடலைப் பையன்கள் கூட்டமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வாத்தியம் வாங்கக் காசில்லை. ஆகவே குரலே வாத்தியமானது. ஒருவன் முன்பாட்டு எடுப்பான். மற்ற மூன்று நான்கு பேர் 'டூ-வாப்', 'ஷ-பூம்' என்று பொருளற்ற அசைகளை அடுக்கித் தாளமும் சுருதியும் கட்டுவார்கள். தேவாலயத்தில் கற்றதைத் தெருவிளக்குக்கும் பள்ளி நடைவழிக்கும் கொண்டுவந்தார்கள். 1948இல் பால்டிமோரின் ஓரியோல்ஸ் குழு புகழடைந்ததிலிருந்து 60களின் தொடக்கம் வரை இந்த அலை ஓடியது. 'டூ-வாப்' என்கிற பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு இசைவகை முழுவதும் அதன் பின்பாட்டுக்காரர்கள் எழுப்பிய அசைகளால் அழைக்கப்படுகிறது. நம்முடைய தன்னானே, தந்தனத்தோம் மாதிரி. நாட்டுப்புறப் பாட்டு முழுவதையும் ஒருவர் 'தன்னானே' என்று அழைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பெயர் பின்பாட்டிலிருந்து வந்தது. பணமும் புகழும் மட்டும் பின்பாட்டுக்குப் போகவில்லை.

நியூயார்க்கில் 'டீனேஜர்ஸ்' என்றொரு குழு. ஒரே பள்ளிக்கூடத்தைச் சுற்றி உருவானது. ஷெர்மன் கார்ன்ஸ், ஜிம்மி மெர்ச்சன்ட், ஃப்ராங்கி லைமன் மூவரும் கறுப்பர்கள். ஹெர்மன் சான்டியாகோ, ஜோ நெக்ரோனி இருவரும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். 1956இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும் வெற்றி. காதலில் விழும் முட்டாள்களைப் பற்றிய பாட்டு. முன்பாட்டு எடுத்த லைமனுக்கு வயது 13. முதலில் தட்டில் இருந்த பெயர், 'டீனேஜர்ஸ், உடன் ஃப்ராங்கி லைமன்' என்பது. சீக்கிரமே அது தலைகீழாகி 'ஃப்ராங்கி லைமனும் டீனேஜர்ஸும்' என்றானது. 1957இல் லைமன் தனியாகப் பிரிக்கப்பட்டான். அந்தப் பிள்ளைக்குரல் உடைந்தது. அதோடு சந்தைக்கு அவன் தேவைப்படவில்லை. 1968இல் ஹெராயின் ஊசியால் செத்துப்போனபோது அவனுக்கு வயது 25.

பாட்டை எழுதியவர்களில் கம்பெனிக்காரர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயரும் தட்டில் இருந்தது. பிறகு அந்த உரிமை மாரிஸ் லெவி என்னும் இன்னொரு முதலாளி கைக்குப் போனது. சான்டியாகோவும் மெர்ச்சன்டும் வழக்குப் போட்டார்கள். 1992இல் அவர்கள்தான் எழுதினார்கள் என்று தீர்ப்பு வந்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்றாண்டுக் கெடுவுக்குள் உரிமை கோரவில்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. யார் எழுதினார்கள் என்கிற கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில், 'லேட்டாக வந்தீர்கள்' என்பது.

இன்னொரு கதை. 'கார்ட்ஸ்' என்கிற கறுப்பினக் குழு 1954இல் 'ஷ-பூம்' பாட்டைப் பாடியது. அது சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'க்ரூ-கட்ஸ்' என்ற கனடாவின் வெள்ளைக் குழு அதே பாட்டைப் பாடி வெளியிட்டு முதலிடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. மெட்டு அதே. சொல் அதே. தோல் மட்டும் வேறு.

3

அமெரிக்கத் தெருமுனையில் பிறந்தது காதல் பாட்டு, நம்மூர்த் தெருமுனையில் பிறந்தது அரசியல் பாட்டு, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று தோழர்கள் கேட்கக்கூடும். 'தெருமுனைக் கூட்டம்' என்கிற சொல்லே நம்மிடம் அரசியல் சொல்தான். ஆனால் காதல் பாட்டு அரசியலற்றது என்று யார் சொன்னது? 1957இல் ஆலன் ஃப்ரீட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லைமன் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு ஆடிவிட்டான். தென்மாநில நிலையங்கள் கொதித்தெழுந்தன, நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். ஒரு கறுப்புப் பையன் காதலைப் பற்றிப் பாடலாம், ஆடக் கூடாது. சாதி மாறிக் காதலித்தவர்களை ரயில் தண்டவாளத்தில் தேடுகிற ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாவலரின் வழி வேறு. மக்களுக்கு ஏற்கனவே தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். சொல்லை மாற்றுவார். கூலி, விலைவாசி, காங்கிரஸ், தேர்தல் எல்லாம் உள்ளே வரும். சனங்களுக்கு மெட்டு பழகியது, சொல் புதுசு. முதல் தடவை கேட்கும்போதே இரண்டாவது அடியைக் கூடவே பாடிவிடலாம். இதை 'காப்பி' என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் சொந்த அச்சு வரலாறு தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் குஜிலிப் புத்தகங்களைப் புரட்டினால் பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருக்கும். கொலைச் சிந்து, ரயில் சிந்து, வெள்ளச் சிந்து எல்லாம் இப்படித்தான் பரவின. மெட்டு என்பது புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம்.

சாதி இந்த இடத்தில் உள்ளே வருகிறது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு மனிதர், ஊர் முழுக்கப் புழங்குகிற மெட்டில் பாட்டு எடுக்கிறார். கிணறு பொதுவாக இல்லை, மெட்டு பொதுவாக இருந்தது. க்ரூ-கட்ஸ் செய்ததும் பாவலர் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்று மாதிரித் தெரியலாம், இரண்டுமே இன்னொருவர் மெட்டைப் பாடுவதுதான். ஆனால் நகர்வின் திசையைப் பார்க்க வேண்டும். அங்கே கீழே இருப்பவனின் பாட்டை மேலே இருப்பவன் எடுத்துக் காசாக்கினான். இங்கே கோடம்பாக்கத்தின் மெட்டைக் கீழே இருப்பவர் எடுத்துக் கூலிக்காரர் வாயில் போட்டார். கடன் வாங்குவதில் ஒரு வர்க்கத் திசை இருக்கிறது. அதைப் பார்க்காத 'ஒரிஜினல்' வாதம் முதலாளியின் வாதம்தான்.

4

நான் பிறந்தது மணலூர்பேட்டை. தென்பெண்ணைக் கரை. தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து சாமி எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அன்றைக்கு மணலெல்லாம் சனம். எங்கள் பக்கத்தின் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பின்பாட்டு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வேடக்காரர் ஒரு அடி பாடுவார். பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் அதை வாங்கிப் பாடி முடிப்பார்கள். அந்த நேரத்தில்தான் வேடக்காரர் மூச்சு வாங்குவார், அடவு போடுவார். பின்பாட்டு இல்லாவிட்டால் துரியோதனனாக இருந்தாலும் அரை மணியில் நாக்குத் தள்ளிவிடும். 'பின்பாட்டுக்காரன் கை கொடுத்தாத்தாண்டா வேசம் நிக்கும்' என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்.

எம்.ஏ. தமிழில் பாணரையும் விறலியரையும் படித்தோம். ஆற்றுப்படைகளில் பாணன் தனியாக நடப்பதில்லை. சுற்றத்தோடு, பசித்த கூட்டமாகத்தான் நடக்கிறான். தமிழ்க் கலையின் ஆதி வடிவமே குழுதான் என்று நமக்கு முன்னால் கிடந்த பிரதி சொல்லிக்கொண்டிருந்தது. வகுப்பில் நாங்கள் எழுதிய விடை என்னவோ புரவலன் பெருமை, புலவர் பெருமை. சுற்றத்தைப் பற்றி ஐந்து மார்க் கேள்விகூட வந்ததில்லை.

பின்பாட்டு என்பது கீழ்ப்பட்ட இடம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். அது உண்மையில் மூச்சைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒருவர் களைத்தால் மற்றவர் ஏந்துவது. பாவலர் குழுவில் இது எப்படி வேலை செய்தது என்பதைச் சகோதரர்களே மேடைகளிலும் நேர்காணல்களிலும் சொல்லிவந்திருக்கிறார்கள். சின்ன வயதில் ராஜையா பெண்குரலில் பாடுவார். குரல் உடைந்தது. அந்த இடத்துக்குத் தம்பி அமர்சிங் வந்தார். ராஜையாவின் கை ஆர்மோனியத்துக்குப் போனது. பாஸ்கர் தபேலாவில்.

இதை லைமனின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பையன்களுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே வயதில் குரல் உடைகிறது. ஒருவனைக் குழுவிலிருந்து கம்பெனி ஏற்கனவே பிய்த்து எடுத்துவிட்டிருந்தது. குரல் போனதும் விழுவதற்குத் தரை இல்லை. இன்னொருவருக்குக் குழு இருந்தது. குரல் போன இடத்தில் வாத்தியம் கிடைத்தது. மேதைமையைப் பிறவிக் கொடை என்று கும்பிடுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. உடைந்த குரலுக்கு மாற்று வேலை கொடுத்த ஒரு மேடை இல்லாவிட்டால் அந்தப் பையன் என்னவாகியிருப்பான்?

குழுவைப் புனிதப்படுத்திவிடவும் கூடாது. அண்ணன்-தம்பிக் குழு என்பதும் அதிகாரக் கட்டமைப்புதான். மூத்தவர் சொல்தான் சொல். இதைவிடப் பெரிய மௌனம் ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பெண்குரல் வேண்டும், பெண் வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்களில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் துயரத்தை அவர்களுக்கே ஒரு பையன் பெண்குரலில் பாடிக் காட்டுகிறான். கூத்திலும் இதே கதைதான். விறலியை எங்கே தொலைத்தோம் என்று கேட்காமல் பாணரைக் கொண்டாட முடியாது. அமெரிக்கத் தெருமுனையும் பையன்களின் தெருமுனைதான். ஆனாலும் 1957 வாக்கில் 'சான்டல்ஸ்' போன்ற பெண்கள் குழுக்கள் அங்கே வந்துவிட்டன. நம் அரசியல் பாட்டு மேடையில் பெண்கள் முழுக் குழுவாக நிற்பதற்கு நெடுங்காலம் ஆனது.

5

60களின் இறுதியில் தம்பிமார் சென்னைக்குப் போனார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் பயிற்சி, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976இல் 'அன்னக்கிளி'. இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்தது, வேகமாகக் கடந்துபோகலாம். 'அன்னக்கிளி'யைப் பார்க்கப் பாவலர் இல்லை. அவர் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ் என்னும் சினிமாக் கம்பெனியின் பெயராயிற்று. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' அந்தப் பெயரில்தான் வந்தது, பாஸ்கர் தயாரிப்பில். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். பாட்டெழுதினார், இசையமைத்தார், 1989இல் 'கரகாட்டக்காரன்' எடுத்தார். நான்கு பேரில் எவரும் சும்மா இருந்துவிடவில்லை. குழு மட்டும் இல்லாமல் போயிற்று.

ஏன் பாவலர் கட்சியின் கலை வரலாற்றில் ஒரு வரியாக நின்றுபோனார்? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் 29 வயதில் மறைந்தார். அவரும் அதே செங்கொடி மரபு. அவர் பாட்டுகள் இன்றும் பேசப்படுவதற்கு அவற்றின் தரம் ஒரு காரணம், சினிமாவில் பதிவானது இன்னொரு காரணம். எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். அந்தச் சேர்ந்திசையை நம் பத்திரிகைகள் 'கலை' என்று மதித்து எழுதின, எழுதவும் வேண்டும். பாவலரின் பாட்டோ 'பிரச்சாரம்' என்கிற பெட்டிக்குள் போட்டுப் பூட்டப்பட்டது. தேர்தல் முடிந்ததும் சுவரொட்டியைக் கிழிப்பது மாதிரி. பல குரல்கள் நான்கு சுருதிகளில் சேர்ந்தால் கலை, சினிமா மெட்டில் கூலிக்காரர்களோடு சேர்ந்தால் பிரச்சாரம் என்கிற இந்தப் பாகுபாட்டை இடதுசாரிகள் எங்கிருந்து கற்றார்கள்? சபாவிடமிருந்துதான் என்று நான் சொல்வேன்.

பதிவு என்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டூ-வாப் பையன்களை இசைத்தட்டு திருடியது. அதே இசைத்தட்டுதான் அவர்களை வைத்தும் இருக்கிறது. பாவலரின் மேடை வாழ்ந்தது கேட்டவர்களின் வாயில்தான். திருடப்பட்டாவது மிஞ்சுவது மேலா, யாரும் திருடாமல் கரைந்துபோவது மேலா? வசதியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு போனது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக் கூடாது என்று. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சான்டியாகோவுக்கும் மெர்ச்சன்டுக்கும் நடந்ததைப் படித்தவன் என்கிற முறையில், படைத்தவன் உரிமை கேட்பதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனிகள் கொழுத்த வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் எட்டாத ஒரு மிச்சம் இருக்கிறது. மெட்டுப் போட்டவருக்கு உரிமை உண்டு, எழுதியவருக்கு உண்டு, தயாரித்தவருக்கு உண்டு. 'குழுவினர்' என்று தட்டில் ஒரு சொல்லாக அச்சிடப்பட்டவர்களுக்கு? ஊர்ப் புறம்போக்கு மெட்டுகளை உருட்டி உருட்டித் தந்த வாய்களுக்கு? கடன் வாங்கிய மெட்டில் பாடி ஒரு தேர்தலையே அசைத்த அண்ணனின் மேடை, இன்றைய சட்டப்படி பார்த்தால் அனுமதி பெறாத மேடை. அந்த மேடையில்தான் இவர் இசை கற்றார். இது யார்மீதும் குற்றச்சாட்டு அல்ல. பொது மெட்டு தனிச் சொத்தாக மாறிய ஒரு அரை நூற்றாண்டின் முரண்பாடு ஒரே குடும்பத்துக்குள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

6

என்ன செய்யலாம் என்று கேட்கிற நண்பர்களுக்காக.

பாவலர் சகோதரர்களின் வரலாற்றைச் சினிமா வரலாற்றிலிருந்து வெளியே எடுத்துத் தோட்டத் தொழிலாளர் இயக்க வரலாற்றுக்குள் வைக்க வேண்டும். அதற்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் மூணாறு, தேவிகுளம் லயன்கள். 1958இல் பத்து வயதுப் பிள்ளையாக மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. அவர் வாயில் இரண்டு அடியாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த மெட்டில் எந்தச் சொல் போட்டார்கள், எந்த அடியில் சனம் சேர்ந்து பாடியது, யார் அழுதார்கள், யார் எழுந்துபோனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பாடியவர்களைப் பற்றி நம்மிடம் கொஞ்சமாவது இருக்கிறது. கேட்டுத் திருப்பிப் பாடியவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த மேடையின் உண்மையான பின்பாட்டு அவர்கள்தான்.

இதே வேலையை எங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டும். தென்பெண்ணைக் கரையிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை எத்தனை கூத்து ஜமாக்கள், பஜனைக் கோஷ்டிகள், கட்சி மேடைப் பாட்டுக்காரர்கள். வாத்தியார் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிற ஆய்வேடுகள் போதும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களின் பெயரைக் கேளுங்கள். அவர்களுக்கு அன்றைக்கு எவ்வளவு கூலி என்றும் கேளுங்கள்.